படுக்கையறை எந்தப் பக்கம்?

வீடு பார்க்க நாம் போவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில். லாரி இல்லை, கம்பெனி பஸ் இல்லை. சாலையே சோம்பல் முறிக்கிற நேரம். கூட வந்தவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, "பாத்தீங்களா சார், எவ்வளவு அமைதி!" என்பார். குடிவந்த முதல் ராத்திரிதான் சாலை தன் குரலைக் காட்டும்.

பல்லாவரம், திரிசூலம் பக்கம் ஒரு மனை என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சாலை, அதை ஒட்டியே மின்சார ரயில், கூப்பிடு தூரத்தில் விமான நிலையம். இங்கே அடுக்குமாடி எழுப்புகிறவர் மண்ணைப் பரிசோதிப்பது போலவே சத்தத்தையும் பரிசோதித்தாக வேண்டும். அதற்கான கருவி முக்காலி மேல் நிற்கும். காற்று மோதும் இரைச்சல் புகாமலிருக்க அதன் மைக்குக்கு ஸ்பாஞ்சு உருண்டை ஒன்றைத் தொப்பி போல மாட்டியிருப்பார்கள். வேலை தொடங்கும் முன் ஒரு சின்ன உருளையை மைக்கில் செருகுவார்கள். அது 94 டெசிபெலில் ஒரே சுருதியில் கூவும். கருவியும் 94 காட்டினால்தான் அதன் பேச்சை நம்பலாம். பிறகு, சாதாரண வேலை நாளில், 24 மணி நேரம் அது கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும்.

டெசிபெல் நமக்குப் பழக்கமான கூட்டல் கணக்குக்குள் வராது. சாலையில் வண்டிகள் இரு மடங்கானால் அளவு 3 டெசிபெல்தான் ஏறும். 10 ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கோ சத்தம் ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும். சராசரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு மணி நேரத்தில் 59 நிமிடம் 50 டெசிபெல், ஒரே ஒரு நிமிடம் 85 டெசிபெல் ஹாரன் என்றால், அந்த மணி நேரத்தின் ஆற்றல் சராசரி 67. மீதி நேரத்து அமைதியை அந்த ஒரு நிமிடம் விழுங்கிவிடுகிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குச் சொல்லும் வரம்பு, காலை 6 முதல் இரவு 10 வரை 55. அதன் பிறகு 45. நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த 45ஐக் கருவியில் பார்க்க எனக்கும் ஆசைதான்.

அளந்த பிறகு என்ன செய்வது? கட்டடத்தைச் சாலையிலிருந்து தள்ளிக் கட்டலாம். ஆனால் ஓயாமல் வண்டி ஓடும் சாலையின் சத்தம், தூரம் இரட்டிக்கும்போது 3 டெசிபெல்தான் குறையும். சென்னை விலையில் அந்த 3 டெசிபெலுக்கு யார் மனையைச் சும்மா விடுவார்கள்? காம்பவுண்டு ஓரம் வரிசையாக நடும் நெட்டிலிங்கம் சாலையைக் கண்ணுக்கு மறைக்கும், காதுக்கு மறைக்காது. காம்பவுண்டு சுவர் தரைத்தளத்துக்கு உதவும். நாலாவது மாடி அதன் தலைக்கு மேலே சாலையை நேராகப் பார்க்கிறது. சாலைக்கும் காதுக்கும் நடுவே பார்வை மறைந்தால்தான் சத்தமும் மறையத் தொடங்கும்.

ஆகவே கட்டடமே சுவராக நிற்பதுதான் உருப்படியான வழி. சாலைப் பக்கம் மாடிப்படி, குளியலறை, சமையலறை, நடைவழி, பின்பக்கம் படுக்கையறைகள். நம் பழைய வீடுகளில் தெருச் சத்தம் திண்ணை, ரேழி, கூடம் என்று ஒவ்வொரு கட்டாகத் தேய்ந்துதான் உள்ளே வரும். இன்று குறுக்கே நிற்பது வாஸ்து. பெரிய படுக்கையறை தென்மேற்கு மூலையில்தான் என்று பிடிவாதம் பிடித்தால், மேற்கே சாலை உள்ள மனையில் ராத்திரி முழுக்க லாரியோடுதான் தூங்க வேண்டும்.

சுவரைப் பற்றிக் கவலை வேண்டாம். 9 அங்குலச் செங்கல் சுவர் 50 டெசிபெல் வாக்கில் தடுக்கும். சாதாரணக் கண்ணாடி ஜன்னல் 25 தடுத்தால் உண்டு. அந்தச் சுவரில் ஐந்தில் ஒரு பங்கு ஜன்னல் என்றால் மொத்தத் தடுப்பு 32 ஆகிவிடும். சுவரை இன்னும் தடிமனாக்கிப் பயனில்லை. ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும். ஜன்னல் பரப்பில் நூறில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் போதும், எவ்வளவு தடித்த கண்ணாடி போட்டாலும் தடுப்பு 20ஐத் தாண்டாது. தள்ளு ஜன்னலைவிட, ரப்பர் பட்டையில் அழுந்தி மூடும் கதவு ஜன்னல் நல்லது என்பது இதனால்தான்.

ஆனால் மே மாதச் சென்னையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எப்படி இருப்பது? ஏசி போட்டால் மின் கட்டணம், போடாவிட்டால் புழுக்கம். பின்பக்கப் படுக்கையறைக்கு இந்தச் சங்கடம் குறைவு, அங்கே ஜன்னலைத் திறந்து வைக்கலாம். பிளானில் ஒரு கோட்டை மாற்றினால் முடிகிற காரியம், கட்டிய பிறகு மாத பில்லாக வருகிறது.

வெளிச் சத்தத்தோடு முடிவதில்லை. மேல்வீட்டு நாற்காலி இழுபடுவது காங்கிரீட் வழியாகவே இறங்கும். தரை ஓட்டுக்கு அடியில் மெத்தென்ற விரிப்பு போட்டிருந்தால்தான் அது அடங்கும். தண்ணீர் மோட்டாரும் ஜெனரேட்டரும் ரப்பர் அடிமேல் நிற்க வேண்டும். லிஃப்ட் சுவரும் படுக்கையறைச் சுவரும் ஒன்றாக இருக்கக் கூடாது. என் நண்பர் வீட்டில் இரண்டும் ஒரே சுவர். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்பதைக் கண்ணை மூடிப் படுத்தபடியே சொல்லிவிடுவார்.