பழ ஈயின் கருவில் நுண்மயிர் தோன்றுமாறு

பழ ஈயின் மரபணுக்கட்குப் பெயரிட்டோர், பெரும்பாலும் அவை கெட்டவிடத்து நேரும் குறையையே பெயராக்கினர். ஆதலின் பெயர்கொண்டு தொழிலுணரப் புகுவார் மயங்குவர். 'ஷேவன்பேபி', அஃதாவது 'மழித்த குழவி', என்னும் மரபணு உண்மையில் மயிரை முளைப்பிப்பது. கருவின் தோலணுக்களில் அது தொழிற்படுங்கால் வேறு பல மரபணுக்களை இயக்குகின்றது. ஆக்டின் இழைகள் கற்றையாகத் திரண்டு அணுவின் மேற்பரப்பை உந்த, நுண்மயிர் எழுகின்றது. 'விங்லெஸ்' மரபணுவின் குறிப்பு எட்டும் அணுக்களில் மழித்த குழவி அடங்கிவிடும், அவ்விடம் வெறுந்தோலாகும். (இதனைச் 'சிறகிலி' எனலாம், 'இலி' என்னும் ஈறு இத்தகைய பெயர்கட்கு நன்கு பொருந்துகின்றது.) சிறகிலி கெட்ட கருவிலோ வயிற்றுப்புறமெங்கும் சிறுபல் போன்ற மயிர் மண்டிக் கிடக்கும். சீசெல்சுத் தீவுகளில் வாழும் செச்செல்லியா என்னும் ஈயினத்தின் புழுவிற்கு முதுகில் நுண்மயிர் அருகியிருப்பதும் மழித்த குழவியால் விளைந்ததே எனச் சுசேனாவும் ஸ்டெர்னும் 2000இல் காட்டினர். அம்மரபணு ஆக்கும் புரதம் கெடவில்லை. அதனை எங்கு இயக்குவது என வரையறுக்கும் பகுதியே திரிந்துள்ளது.