சீனியை விட்டவரும் சாராயத்தை விடாதவரும்

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே பரந்து கிடக்கும் மட்டக்களப்பு வாவியிலே பொழுது சாயும் வேளையில் தோணிகள் கரை சேருகின்றன. உடலின் அலுப்புத் தீரச் சிறிது சாராயம் அருந்தும் வழக்கம் நம் ஆடவர் பலரிடம் உண்டு. தோணிக்காரர் மட்டுமல்லர், வயலில் உழைப்போரும், கந்தோரில் எழுதுவோரும் இதற்கு விலக்கல்லர். அவர்களுள் சலரோகம் உடைய ஒருவரிடம் நாம் இதுபற்றிக் கேட்டால், “தேநீருக்குச் சீனி போடுவதை விட்டுவிட்டேன், சாராயத்தில்தான் சீனி இல்லையே!” என்பார்.

சாராயத்தில் சீனி இல்லை என்பது மெய்யே. ஆயினும், அது சலரோகக்காரரைத் தாக்கும் வழி வேறு. அதுவே இரத்த அமுக்கம்.

1915-ஆம் ஆண்டிலே, முதலாம் உலகப் போர்க் காலத்தில், லியான் என்னும் பிரெஞ்சு வைத்தியர், திராட்சை மதுவை மிகுதியாகக் குடிக்கும் போர்வீரரிடையே இரத்த அமுக்கம் உயர்ந்திருப்பதை எடுத்துக் காட்டினார். 2020-இல், அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள சலரோகக்காரர் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆராய்ச்சியொன்று வெளியாயிற்று. வாரத்தில் 8 அளவோ அதற்கு மேலோ மது அருந்துவோரிடம் உயர் இரத்த அமுக்கம் மிகுதியாகக் காணப்பட்டது. அதற்குக் குறைவாக அருந்துவோரிடம் அத்தொடர்பு புலப்படவில்லை.

அந்த 8 அளவு எவ்வளவு? அமெரிக்கர் கணக்கில் ஓரளவு என்பது 14 கிராம் மதுசாரம். சாராயத்தில் நூற்றுக்கு 35 பங்கு மதுசாரம் எனக் கொண்டால், 8 அளவும் சேர்ந்து ஏறக்குறைய 400 மில்லிலீற்றர். அதாவது, அரைப் போத்தலிலும் சற்றே கூட. “நான் மட்டாகத்தான் குடிக்கிறேன்” என்பவர் இதனை மூன்று மாலைகளில் கடந்துவிடக் கூடும்.

மதுசாரம் நரம்புகளைத் தூண்டி இரத்தக் குழாய்களை இறுகச் செய்கின்றது. சலரோகமோ அக்குழாய்களை முன்னமே கெடுத்திருக்கும். இரண்டும் கூடினால் கண், சிறுநீரகம், இதயம், மூளை யாவும் பழுதுறும். கூடவே உண்ணும் பொரித்த கருவாட்டின் உப்பும் இதற்குத் துணைபோகும்.

இன்னுமோர் ஆபத்தையும் வீட்டார் அறிதல் நன்று. இன்சுலினோ சிலவகைக் குளிசைகளோ பாவிப்போர் வெறும் வயிற்றில் குடித்தால், இரத்தத்திலுள்ள சீனி மட்டுமீறித் தாழக்கூடும். அப்போது வரும் தள்ளாட்டத்தை வெறியென்று எண்ணி உறங்கவிட்டால் உயிருக்கே கேடு நேரும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. குடியைக் குறைத்தால் சில வாரங்களிலேயே அமுக்கம் தணிவதுண்டு. 1998-இல் வெளியான பிரித்தானிய ஆராய்ச்சியில், அமுக்கத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய சலரோகக்காரரிடையே பாரிசவாதம் நூற்றுக்கு 44 பங்கு குறைந்திருந்தது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியோர் மட்டும் அதனைத் திடீரென நிறுத்தாது, வைத்தியரின் துணையோடு விடுதல் வேண்டும்.

உயர்ந்த அமுக்கம் பெரும்பாலும் நோவு தந்து தன்னைக் காட்டிக் கொள்வதில்லை, அளந்தால்தான் தெரியும். அரசாங்க வைத்தியசாலைகளில் அதற்குக் கட்டணமும் இல்லை. ஆதலின், மாணவர்களே, தந்தையார் தேநீருக்குச் சீனி வேண்டாமென்று சொல்லும்போது, “அமுக்கத்தையும் அளந்து பார்த்தீர்களா, அப்பா?” என்று அன்போடு ஒரு சொல் கேளுங்கள்.