மெழுகுக் கோட்டு கஹவத்தைக்குச் சரிவருமா?

பெல்மதுளையிலிருந்து கஹவத்தைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக் ரெயின்கோட்டுக்குள் மழை வராது, வியர்வையும் வெளியேறாது. மெழுகூட்டிய பருத்திக் கோட்டு கொஞ்சமாவது மூச்சுவிடும். அது மழையைத் தடுப்பது எப்படி?

நெருக்கமாக நெய்த துணியில் உருக்கிய மெழுகை ஏற்றுகிறார்கள். மெழுகுக்கும் நீருக்கும் ஒட்டுறவு இல்லை. அதனால் துளி பரவாமல், சேம்பிலைத் தண்ணீராய் உருண்டோடும். மெழுகு தேய்ந்த இடத்தில் ஈரம் பட்டாலும் பருத்தி இழை உப்பி, இடைவெளியைக் குறுக்கும். பிரிட்டனின் பார்பர் நிறுவனம் 1936இல் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கென்றே இத்தகைய உடையைக் கொண்டுவந்தது. ஆனால் அது குளிர்நாடு.

இங்கே வெயிலில் மெழுகு இளகி சட்டையில், சீட்டில் அப்பும். சோப்போ வெந்நீரோ பட்டால் மெழுகு கழன்றுவிடும். மீண்டும் பூச வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் நிச்சயம். கீழே விழுந்தால் தோல் ஜாக்கெட் அளவுக்கு உரசலைத் தாங்காது. கிழிந்த இடத்தைத் தைத்து, மெழுகு பூசிப் பல வருடம் உடுத்தலாம் என்பது மட்டும் பெரிய நன்மை.

கஹவத்தைப் புழுக்கத்துக்குக் காற்றோட்டமுள்ள சாதாரண ரெயின்கோட்டே மேல். மெழுகுக் கோட்டு ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், நனைந்ததும் அதை நிழலில் விரித்துத் தொங்கவிடுங்கள்.