நாய்த் தின்பண்டம்: கெட்டியா, மெதுவா?

இப்போது மளிகைக் கடைகளிலும் நாய் பிஸ்கட் கேட்டு வருகிறார்கள். "நாய்க்கு எத்தனை வயது?" என்று கேட்டுவிட்டுச் சரக்கை எடுப்பதே முறை.

கெட்டி வகையில் ஈரம் குறைவு. பல மாதம் கெடாது. பல் உறுதியான, வளர்ந்த நாய்க்கு ஏற்றது. கடிக்கும்போது பல்லின் அழுக்கு ஓரளவு தேயும். பல் துலக்குவதற்கு ஈடாகாது. ஆனால் நகத்தால் அழுத்தியும் பதியாத எலும்பு, கொம்பு வகைகள் பல்லையே உடைத்துவிடும்.

மெது வகையில் ஈரம் அதிகம். மென்மை காக்கப் பெரும்பாலும் கிளிசரின் சேர்ப்பார்கள். 3 முதல் 6 மாதத்தில் பால்பல் விழும் குட்டிக்கும், பல் போன கிழ நாய்க்கும் இதுவே நல்லது. கிள்ளிக் கொடுக்கலாம் என்பதால் பழக்குவதற்கும் வசதி. பிரித்து வைத்தால் காய்ந்துபோகும், அல்லது பூசணம் பிடிக்கும். ஆகவே சிறு பாக்கெட்டாகக் கொள்முதல் செய்து, முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள்.

எதுவானாலும் தின்பண்டம் அன்றாட உணவுச் சத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாக்லேட், உலர்திராட்சை, சைலிட்டால் சேர்த்த இனிப்பு ஆகியவை நாய்க்கு விஷம். நாய்க்கென்று சாக்லேட் பிஸ்கட் கேட்பவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஒரு பாக்கெட் விற்பனை போனாலும் வாடிக்கை நிற்கும்.