அபேட்சகர்களும் அவர்களிடையே உள்ள வேற்றுமையும்

தேர்தல் நெருங்கியதும் மேடைகள் எழுகின்றன. இவர் வந்தால் நாடு வாழும் என்றும், அவர் வந்தால் நாடு வீழும் என்றும் முழக்கம் கேட்கிறது. சில ஆண்டுகள் சென்றபின், அம்முழக்கத்தைக் கேட்ட மக்களே, “எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தாம்” என்று சலித்துக்கொள்கிறார்கள். இவ்விரு கூற்றுக்களில் எது உண்மை? இதனை உரைத்துப் பார்ப்பதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு நல்லதோர் உரைகல்லாகும்.

1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலை முதலில் எடுத்துக்கொள்வோம். பிரதமராயிருந்த சேர் ஜோன் கொத்தலாவலையும், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் எதிரெதிரே நின்றனர். 1947ஆம் ஆண்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி பிரித்தானியக் கடற்படை திருகோணமலையில் நிலைகொண்டிருந்தது. கொத்தலாவலை அரசு அதனை அவ்வாறே இருக்க விட்டது. பண்டாரநாயக்காவோ தளங்களை மீட்பதாக வாக்களித்தார். அவர் வென்றார், 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. தளத்து வேலைகளை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. ஆகவே, இவ்விடயத்தில் இருவருக்குமிடையே இருந்த வேற்றுமை வெறும் பேச்சன்று. வீட்டு அடுப்புவரை எட்டிய வேற்றுமை.

மொழி விடயத்திலோ நிலைமை வேறு. சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாதல் வேண்டுமென்பது பண்டாரநாயக்காவின் வாக்குறுதி. 1956 பெப்ரவரியில் களனியிற் கூடிய ஐக்கிய தேசியக் கட்சியும் அதே கொள்கையை ஏற்றது. தளத்தைப் பற்றி மாறுபட்ட இருவரும், தமிழ் வாக்காளருக்கு மொழியைப் பற்றி ஒரே விடையையே அளித்தனர். திருகோணமலைத் தொகுதி வாக்காளர் இருவர் பக்கமும் சாயாது, தமிழரசுக் கட்சியின் என். ஆர். இராஜவரோதயத்தைத் தெரிந்தனர்.

அடுத்து, சீனன்குடாவிலுள்ள எண்ணெய்க் குதங்களைக் கவனிப்போம். பிரித்தானியர் அமைத்தவற்றுள் 99 குதங்கள் எஞ்சியுள்ளன. 1987 ஜூலையில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இக்குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து இயக்குவதென்று கூறப்பட்டது. அந்த இந்திய இலங்கை உடன்படிக்கையை மக்கள் விடுதலை முன்னணி ஆயுதமேந்தி எதிர்த்தது. 2003இல் ரணில் விக்கிரமசிங்க பிரதமராயிருந்த காலத்தில் இந்திய எண்ணெய்க் கம்பெனியுடன் குத்தகை ஒழுங்கு செய்யப்பட்டது. 2022 ஜனவரியில் கோட்டாபய ராஜபக்ஷவின் அரசு, 14 குதங்களை அக்கம்பெனிக்கும், 24 குதங்களை இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 குதங்களை இரண்டின் கூட்டு முயற்சிக்கும் வகுத்தது. 2025 ஏப்ரலில், மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கவே ஜனாதிபதியாயிருக்க, திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இந்தியாவுடனும் ஐக்கிய அரபு இராச்சியத்துடனும் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது.

ஆட்சிகள் மாறியும் பாதை பெரிதும் மாறாததேன்? எதிர்க்கட்சி ஆசனத்தில் இருப்பவருக்குச் சொல் மட்டுமே செலவு. ஆட்சிபீடம் ஏறியவருக்கோ திறைசேரியின் நிலையும், அயல்நாட்டின் வலிமையும், முன்னவர் இட்ட கையெழுத்தும் கண்முன் நிற்கின்றன. தேர்தலால் அரசு மாறலாம்; துறைமுகம் அமைந்த இடம் மாறுவதில்லை. காலத்துக்கேற்பக் கருத்து மாறுவது குற்றமுமன்று. மாறியதன் காரணத்தை மக்களுக்கு விளக்காமல் விடுவதே குறையாகும்.

எனவே, அபேட்சகர்கள் எல்லாரும் ஒன்றே என்பதும் தவறு; முற்றும் வேறு என்பதும் தவறு. எந்த விடயத்தில் வேறுபடுகிறார்கள் என்பதே கேட்கத்தக்க கேள்வி. நிலம், மொழி, மீன்பிடி, துறைமுக வேலை என ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டல் வேண்டும். சொன்னதைச் செய்யும் அதிகாரம் அப்பதவிக்கு உண்டா என்றும், முன்பு பாராளுமன்றத்தில் அவர் எப்பக்கம் கை உயர்த்தினார் என்றும் விசாரித்தல் வேண்டும். இவ்விசாரணையின் பின் இடப்படும் புள்ளடி, முழக்கத்துக்கு மயங்கியதாகவும் இராது. சலிப்பினால் வீணானதாகவும் இராது.