சுண்டெலிக்குக் குளிர்கிறது

ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். மருந்தியல் படிக்கும் அவர் மகளின் கல்லூரி ஆய்வகத்தில், சுண்டெலிக் கூண்டுக்குள் கிழித்த தாளைப் போடச் சொல்கிறார்களாம். ‘குப்பையை ஏன் உள்ளே போடுகிறார்கள்?’ என்று கேட்கிறார்.

அம்மா, அது குப்பை இல்லை, போர்வை.

சிறிய உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும். சுண்டெலி சிரமமில்லாமல் இருக்கச் சுமார் 30 டிகிரி வெப்பம் வேண்டும். உங்கள் கடற்கரையில் பகல் பொழுது பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அங்கியும் கையுறையும் மாட்டி வேலை செய்யும் மனிதர்களுக்காக ஆய்வக அறையை 22 டிகிரிக்குக் குளிர வைக்கிறார்கள். ஏசி ரயிலில் கம்பளியை இழுத்து மூடினாலும் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. சுண்டெலியோ அப்படிப்பட்ட குளிரிலேயே பிறந்து, அதிலேயே சாகிறது.

இரக்கத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 30 டிகிரியில் வைத்த எலிகளைவிட 22 டிகிரியில் வைத்தவற்றுக்குப் புற்றுக்கட்டி வேகமாக வளர்ந்தது. குளிரில் வாடும் எலியிடம் சோதித்த மருந்தை எப்படி முழுதாக நம்புவது?

எட்டுப் பத்து கிராம் தாள் இழை கொடுத்தால் போதும். 25 கிராம் எடையுள்ள சுண்டெலி அதைப் பல்லால் மேலும் கிழித்து, உடம்பைச் சுற்றி வளைத்து, கூரையும் மூடிக் கூடு கட்டிவிடும். தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே வளர்ந்த இனத்துக்கும் இந்த வேலையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எனக்கு இதைவிட வியப்பானது, கூட்டைப் பார்த்தே எலியின் உடல்நிலையை ஊகிக்கலாம் என்பது. அறுவைக்குப் பின் வலி இருந்தால் புதிதாகப் போட்ட தாளை அது சீண்டாது. கூடு தட்டையாகவே கிடக்கும்.

கூண்டின் அடியில் பரப்பும் உமியும் மக்காச்சோளக் கட்டைத் தூளும் ஈரத்தை உறிஞ்சும். கூடு கட்ட உதவா. அவற்றைப் பரப்பியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. விதியும் இந்தக் குளிரைத் தடுப்பதில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் பாடுபட்டதால் வந்த 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம்தான் ஆய்வு விலங்குகளைக் கண்காணிக்கும் குழுவுக்கு வழி வைத்தது. அந்தக் குழுவின் நெறிமுறை 18 முதல் 29 டிகிரி வரை அனுமதிக்கிறது. 22 டிகிரியும் விதிப்படி சரி என்பதால்தான் தாள் இன்னும் அவசியமாகிறது.

கூண்டு கழுவும் நாளில், பழைய கூட்டின் உலர்ந்த பகுதியைப் புதுக் கூண்டுக்குள் மாற்றி வைக்கும்படி மகளிடம் சொல்லுங்கள். தங்கள் வாசனை தொடர்ந்து இருப்பதால் ஆண் எலிகளுக்குள் சண்டை குறையும்.