கருவி மாறலாம்; சொல் சிதையலாமா?

 

மீலாது விழாவுக்காகப் பாட்டுப் பயிலும் பேரன், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழ்ப்பாடலைப் புதிய மின்னிசையுடன் பாடிக் காட்டுகிறான். பாட்டனார் முகம் சுளிக்கிறார். "எங்கள் காலத்தில் இப்படியா பாடினோம்?" என்கிறார். "உங்கள் காலத்து ஆர்மோனியம் மட்டும் அரபு நாட்டிலிருந்தா வந்தது, நன்னா?" என்று பேரன் திருப்பிக் கேட்கிறான். இத்தகைய வாக்குவாதம் உங்கள் இல்லத்திலும் எழுந்திருக்கக் கூடும். யார் பக்கம் நியாயம்?

இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. கருவிகள் அறவே கூடாது என்போரும், நிபந்தனைகளுடன் இசைவு தருவோரும் உளர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இதற்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கி ஆராய்ந்துள்ளார்கள். தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பக்திப் பாட்டில் மரபு எது, புதுமை எது என்பதை ஒரு வரலாற்றின் வழியே எண்ணிப் பார்ப்பதே நோக்கம். அது கவ்வாலியின் வரலாறு.

'கவ்ல்' என்னும் அரபுச் சொல்லுக்குச் சொல், கூற்று என்பது பொருள். அதிலிருந்து பிறந்ததே கவ்வாலி. பெயரிலேயே சொல்தான் இருக்கிறது; இசை இல்லை என்பதைக் கவனியுங்கள். இக்கலையின் தந்தையாகப் போற்றப்படுபவர் கவிஞர் அமீர் குஸ்ரு (1253-1325). சிதாரையும் தபேலாவையும் அவரே கண்டுபிடித்தார் என்று கூறுவதுண்டு. அதற்கு அவர் காலத்துச் சான்று ஏதுமில்லை. ஆனால் பாரசீக மரபையும் இந்திய மரபையும் இணைத்த புதுமையாளர் அவர் என்பதில் ஐயமில்லை.

அவருடைய ஞானகுரு தில்லி ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்கள். 'ஸமா' எனப்படும் இசை கேட்கும் அவைக்கு அப்பெரியார் விதித்த நிபந்தனைகளை, 14ஆம் நூற்றாண்டு நூலான 'ஸியருல் அவுலியா' பதிவு செய்துள்ளது. பாடுபவர் முதிர்ந்த ஆடவராய் இருத்தல் வேண்டும்; கேட்பவர் உள்ளம் இறைவனை நினைந்திருத்தல் வேண்டும்; பாடும் பொருளில் ஆபாசம் கலத்தலாகாது; இசைக்கருவிகள் இருத்தலாகாது. ஆம், கருவிகளை அவர்கள் விரும்பவில்லை! ஆயினும் இன்று அவர்களுடைய அடக்கத்தலத்தின் முற்றத்திலேயே ஆர்மோனியமும் டோலக்கும் ஒலிக்கக் கவ்வாலி நடைபெறுகிறது. காலம் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது, பார்த்தீர்களா?

அந்த ஆர்மோனியத்தின் பிறப்பிடம் ஐரோப்பா. 1842இல் பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் அதற்குக் காப்புரிமை பெற்றார். காலால் மிதித்து இயக்கிய அக்கருவியை, தரையில் அமர்ந்து ஒரு கையால் காற்றூட்டி மறு கையால் வாசிக்கும்படி 1870களில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் மாற்றியமைத்தார். அதற்குமுன் கவ்வாலிக்குத் துணை நின்றது சாரங்கி. பாட்டுக்குப் பாட்டு அதன் தந்திகளைச் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது. ஆர்மோனியத்துக்கு அத்தொல்லை இல்லை. ஆகவே அதுவே நிலைத்துவிட்டது.

ஆனால் எதிர்ப்பில்லாமல் அது நிலைக்கவில்லை. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் நம் இசையின் நுட்பம் அதன் கட்டைகளில் வராது என்று வல்லுநர்கள் வாதிட்டனர். மகாகவி தாகூரும் அதனை வெறுத்தார். 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. வானொலி ஒதுக்கிய அதே கருவி, தர்காக்களில் பழம் மரபாகவே ஆகிவிட்டிருந்தது! இந்த அளவில் பேரன் கேட்ட கேள்வி நியாயமானதே.

அப்படியானால் புதுமை எல்லாமே நன்மைதானா? அவசரப்பட வேண்டாம். மரபான கவ்வாலி அவையில் முதலில் இறைபுகழாகிய ஹம்து, பிறகு நபிபுகழாகிய நஃத், அதன்பின் இறைநேசர் புகழாகிய மன்கபத் என்னும் ஒழுங்கு உண்டு. திரைப்படம் கவ்வாலியின் கைத்தட்டலையும் வேகத்தையும் எடுத்துக்கொண்டது. அந்த ஒழுங்கை விட்டுவிட்டது. இறைக்காதல் இருந்த இடத்தில் காதலர் போட்டிப்பாட்டு வந்து அமர்ந்தது. மெட்டு பிழைத்தது, பொருள் இடம் மாறிவிட்டது.

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே நின்றவர் பாகிஸ்தானின் நுஸ்ரத் ஃபதே அலி கான் (1948-1997). பரம்பரைக் கவ்வால் குடும்பத்தில் பிறந்து, 1971இல் தம் குழுவின் தலைமையை ஏற்றவர். 1990இல் கனடா நாட்டு இசைக்கலைஞர் மைக்கேல் புரூக்குடன் இணைந்து 'மஸ்த் மஸ்த்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். மேற்கத்தியக் கருவிகள் ஒலித்தன. நீண்ட ஆலாபனைகள் சுருங்கின. அவற்றையெல்லாம் அவர் மனமுவந்து ஏற்றார். ஆனால் ஒலிப்பதிவைத் தொகுக்கையில் மொழியறியாத கைகள் சில சொற்றொடர்களைப் பாதியில் வெட்டிவிட்டன. பொருள் சிதைந்தது. அதை மட்டும் அவர் ஏற்கவில்லை. பிறகு இரு தரப்பும் பேசி உடன்பாடு கண்டனர். கருவிக்கு வாசலைத் திறந்தவர், சொல்லுக்குக் காவல் நின்றார். கவ்வாலி என்னும் பெயருக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேறென்ன வேண்டும்?

நம் தமிழகத்து முன்னோரும் இவ்வழியே நடந்தவர்கள்தாம். உமறுப் புலவர் நாயகத்தின் வரலாற்றைப் பாடத் தமிழ்க் காப்பிய வடிவத்தையே கையாண்டார். சீறாப்புராணத்தின் அரபு நாட்டில் தமிழ் மண்ணின் வயலும் வளமும் தோன்றும். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து ஆகிய வடிவங்கள் வேற்று மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்து நம்முடையவாயின. வடிவத்தில் தாராளம் காட்டிய அப்பெருமக்கள் பொருளில் கண்டிப்பாக இருந்தார்கள். பிற்காலத்தில் இசைமுரசு நாகூர் ஹனிபா (1925-2015) அவர்களின் குரல் பட்டிதொட்டியெங்கும் நிலைத்ததற்கும், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுந்ததே முதற் காரணம் என்பேன்.

இனி அந்தப் பாட்டனாரையும் பேரனையும் நினைத்துப் பாருங்கள். "இது பழையதா, புதியதா?" என்று கேட்டதனால்தான் அவர்களுடைய வாக்குவாதம் முடியவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சொல் காதில் விழுகிறதா? பொருள் முழுமையாக நிற்கிறதா? பாட்டு முடிந்தபின் உள்ளம் இறைவனை நோக்கித் திரும்புகிறதா, அல்லது மெட்டு திருடப்பட்ட திரைப்படக் காட்சியை நோக்கித் திரும்புகிறதா? இக்கேள்விகளுக்குப் பதில் சரியாக இருப்பின் பேரனைப் பாட விடுங்கள். இல்லையேல், பாட்டனார் பாடிய பழைய மெட்டாயினும் தயங்காமல் திருத்துங்கள். கருவியே வேண்டாம், குரல் போதும் என்போரையும் இகழ வேண்டாம். நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்களும் அவர்கள் பக்கமே நின்றார்கள்.

இன்று மாலை உங்கள் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அவர்கள் பாடும் பாட்டின் பொருளைச் சொல்லச் சொல்லுங்கள். மெட்டைப் பற்றிய பேச்சு அதன்பிறகு இருக்கட்டும். நாவில் எழும் சொல்லை நெஞ்சிலும் நிலைபெறச் செய்ய வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.